முக்திநாத் டிக்கெட்டும் ஊர் வரப்பும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களை யாத்திரை ஒரு பக்கம், நிலத் தகராறு ஒரு பக்கம் என்று பிரிக்கத்தான் நினைத்தோம். முடியவில்லை. பணி ஓய்வுப் பணம் வந்த கையோடு வெளிநாட்டுத் தலத்துக்கு டிக்கெட் எடுப்பதும், ஊரில் இருக்கும் துண்டு நிலத்தின் ஞாபகம் வருவதும் ஒரே வருஷத்தில்தான் நடக்கின்றன போலும். அதனால் கலந்தே தருகிறோம்.

நங்கநல்லூரில் இருக்கிறோம். செய்யாறு பக்கம் அப்பா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. மேற்கு வரப்பைப் பக்கத்து நிலத்துப் பங்காளி வருஷா வருஷம் நறுக்கிக்கொண்டே வருகிறார். மூலைக் கல்லையும் காணோம். அக்டோபரில் 15 நாள் நேபாளம் போகிறோம். அந்த நேரம் பார்த்து ஏதாவது செய்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. போகலாமா?

தாராளமாகப் போகலாம். 15 நாளில் யாருடைய நிலமும் சட்டப்படி கை மாறிவிடாது. ஆனால் 15 நாளில் ஒரு வேலி போட்டுவிடலாம், கோர்ட்டில் ஒரு இடைக்காலத் தடை வாங்கிவிடலாம். அதை அகற்றத்தான் வருஷக்கணக்காகும். ஆகவே கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் குறைவது உண்மையில் எவ்வளவு என்று பாருங்கள். பத்திரம் ஏக்கர், சென்டில் பேசும். பட்டா ஹெக்டேர், ஏர்ஸில் பேசும். ஒரு ஏர்ஸ் என்பது 2.47 சென்ட். உங்கள் 150 சென்டுக்கு 60.70 ஏர்ஸ் வரவேண்டும். பட்டாவில் 0.60.50 (அதாவது 0 ஹெக்டேர், 60.50 ஏர்ஸ்) என்று இருந்தால் வித்தியாசம் அரை சென்ட், சுமார் 215 சதுர அடி. அது கணக்கை முழுமையாக்கியதில் வந்தது. அதற்காகப் பங்காளியோடு சண்டை வேண்டாம். 0.57.00 என்று இருந்தால் 9 சென்ட் ஏட்டிலேயே குறைகிறது. அது வரப்புத் தகராறு அல்ல, பதிவேட்டுத் தகராறு. வழியே வேறு, கீழே இன்னொரு கடிதத்தில் வருகிறது.

ஏட்டில் சரியாக இருந்து தரையில் குறைந்தால் நில அளவைக்கு மனுப் போடுங்கள். இ-சேவை மையத்திலோ இணையத்திலோ கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். சர்வேயர் வருவதற்கு முன் பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும். அளக்கிற அன்று கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, கல்லைத் தேடாமல் இருக்கிற வரப்பிலிருந்தே அளக்கத் தொடங்குவது. வரப்புத்தான் நகர்ந்திருக்கிறதே, அதிலிருந்து அளந்தால் தவறுதான் உறுதியாகும். மூன்று புல எண்கள் (சர்வே எண்கள்) கூடுகிற இடத்தில் நிற்கும் கல்லை முதலில் கண்டுபிடித்து, புலப்படத்தில் (அந்தச் சர்வே எண்ணுக்கான அளவு வரைபடம்) உள்ள தூரங்களோடு ஒத்துப் பார்த்த பிறகே மற்ற மூலைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் கல் போயிருந்தாலும் நாலு நிலம் தள்ளி ஒன்று நிற்கும். இரண்டு, அளவின் அலகு. பழைய புலப்படங்களில் எண்கள் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு லிங்க் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். புதிய படங்கள் மீட்டரில். ஒன்றை மற்றதாகப் படித்தால் ஐந்து மடங்கு பிசகும். தனியார் அளவையாளர் போட்டுத் தரும் வரைபடத்தில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அளவை தேதி யாத்திரைக்குள் விழும் என்று தெரிந்தால், தேதியைத் தள்ளக் கேட்டு வட்ட நில அளவருக்கும் தாசில்தாருக்கும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் (பழைய பதிவுத் தபால் இப்போது அதில் சேர்ந்துவிட்டது) கடிதம் அனுப்புங்கள். ஃபோனில் சொன்னது கணக்கில் வராது.

அடுத்தது, நிலம் உங்கள் கையில் இருப்பதற்கான அத்தாட்சி. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஜூலை 1-இல் தொடங்குகிறது. நடப்புப் பசலி அடங்கலில் (சாகுபடிக் கணக்கு) சாகுபடி செய்பவர் பெயர் யாருடையது என்று வி.ஏ.ஓ.விடம் பார்த்து நகல் வாங்குங்கள். குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைதாரர் கையெழுத்திட்ட ஒரு தாள், தீர்வை ரசீது, மோட்டார் இருந்தால் மின் இணைப்பு யார் பெயரில் என்ற விவரம், எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். கிளம்புகிற வாரம் நாலு மூலையிலும் நின்று, தேதியும் இடமும் பதிவாகும்படி ஃபோனில் படமும் வீடியோவும் எடுங்கள். கிணறு, பனை, மின் கம்பம் என்று நகராத ஏதாவது ஒன்று ஒவ்வொரு படத்திலும் தெரியவேண்டும். வெறும் நெல்லை எடுத்தால் எந்த வயலென்று யார் சொல்வது?

கடைசியாகக் கேவியட். சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவின்படி, ‘என் நிலத்தைப் பற்றி இன்னார் தடை கேட்டு வந்தால் என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்’ என்று முன்கூட்டியே கொடுக்கும் மனு. 90 நாள் உயிரோடிருக்கும். பிறகு புதிதாகப் போடவேண்டும். நிலம் எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே, அதாவது மாவட்ட முன்சீப் கோர்ட், சார்பு நீதிமன்றம் இரண்டிலும் போடுவது நல்லது. நிலத்துக்கு எதிராளி என்ன மதிப்புப் போட்டு எங்கே போவார் என்று இப்போதே சொல்ல முடியாது. கேவியட் பலிக்காமல் போவதற்கு வழக்கமான காரணம் பெயர்: பங்காளி பெயரை மட்டும் போட்டிருப்பீர்கள், வழக்கை அவர் மனைவியோ மகனோ போடுவார். வழக்குப் போடக்கூடிய அத்தனை பேரையும், இனிஷியலோடு, சர்வே எண், உட்பிரிவு எண் தவறாமல் எழுதுங்கள். நகலை எதிராளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும் என்பது சட்டம். அனுப்பினால் தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம், தெரியட்டும். யாத்திரைத் தேதி மட்டும் அதில் இருக்கக் கூடாது. பசுபதிநாத் வாசலில் எடுத்த படத்தை உறவினர் வாட்ஸ்ஆப் குழுவில் அன்றைக்கே போடுவதையும் தள்ளி வையுங்கள்!

இவ்வளவுக்கும் மீறி வேலி போட்டுவிட்டார் என்றால், உங்களை வெளியேற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் குறித்த பரிகாரச் சட்டம் 6-ஆம் பிரிவில் சுவாதீனம், அதாவது நிலத்தைத் திரும்பக் கையில் தரும்படி கேட்டு வழக்குப் போடலாம். அதில் உரிமை யாருக்கு என்ற விவாதமே வராது. நேற்றுவரை யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன படங்களும் அடங்கலும் அங்கேதான் பேசும். ‘பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று ஏழாவது மாதம் வரை இழுத்தால் அந்தச் சுருக்க வழி போய்விடும். பிறகு உரிமையை நிரூபிக்கும் நீண்ட வழக்குத்தான்.

அப்பாவுக்கு 71 வயது, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். முக்திநாத் கூட்டிப் போக ஆசை. சென்னையிலிருந்து எப்படி, என்னென்ன எடுத்துப் போகவேண்டும்? (பெரம்பூர் வாசகி)

திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் நேபாளத்தில் உள்ள இந்த முக்திநாத்தான் என்று வைணவர்கள் கொள்வதால், 108 திவ்ய தேசக் கணக்கை முடிக்க நம் ஊரிலிருந்து ஏராளமானோர் போகிறார்கள். தூரத்தை விட உயரம்தான் இங்கே சிக்கல். பொக்ரா சுமார் 800 மீட்டர், ஜோம்சோம் சுமார் 2,700, முக்திநாத் 3,700-க்கு மேல். காலையில் பொக்ராவில் விமானம் ஏறி மதியத்துக்குள் கோயிலில் நின்றால் உடம்பு ஒரே மூச்சில் மூவாயிரம் மீட்டர் ஏறியிருக்கும். தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு எல்லாம் அதனால்தான். ‘ஒரே நாளில் தரிசனம்’ என்று விளம்பரம் செய்யும் திட்டத்தை 71 வயதுக்காரருக்கு எடுக்காதீர்கள். ஜோம்சோமிலோ மார்பாவிலோ ஒரு இரவு தங்கி, மறுநாள் காலை ஜீப்பில் மேலே போய், தரிசனம் முடித்து, தூங்குவதற்குக் கீழே இறங்கிவிடுங்கள். மேலே தலைவலி கூடினாலோ பேச்சுத் தடுமாறினாலோ மருந்து கொடுத்துக் காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறக்கவேண்டும். உயரத்தால் வரும் தொல்லைக்குச் சாப்பிடும் அசிட்டசோலமைடு மாத்திரையை நண்பர் சொன்னார் என்று வாங்காதீர்கள். சிறுநீரைக் கூட்டுகிற மாத்திரை அது. அப்பா சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா, சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை உண்டா என்று அவருடைய டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

ஜீப் கோயில் வாசல் வரை போகாது. ராணிபவுவாவில் இறங்கி ஏறவேண்டும், குதிரை கிடைக்கும். கோயிலின் 108 நீர்த்தாரைகளிலும் கொட்டுவது பனிமலைத் தண்ணீர். இரத்த அழுத்தம் உள்ளவர் ஒவ்வொன்றிலும் தலையைக் கொடுத்து ஓடவேண்டிய அவசியமில்லை, தீர்த்தத்தைக் கையில் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

விமானமா சாலையா என்றால், பொக்ரா – ஜோம்சோம் விமானம் சுமார் 20 நிமிஷம்தான். ஆனால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்குப் பிறகு காற்று பலமாக வீசும் என்பதால் காலையில் மட்டுமே பறக்கும். மேகம் இருந்தால் அதுவும் இல்லை. சாலையில் பேனி, தாதோபானி வழியாக நாள் முழுக்கக் குலுங்கிப் போகவேண்டும், மழைக்காலத்தில் மண்சரிவு. மார்ச் முதல் மே வரை, அல்லது அக்டோபர், நவம்பர் சரியான காலம். எப்படிப் போனாலும், சென்னை திரும்பும் டிக்கெட்டுக்கும் ஜோம்சோம் திரும்பும் நாளுக்கும் நடுவே இரண்டு நாள் சும்மா விடுங்கள். இந்த இரண்டு நாளைச் சேமிக்கப் போய்த்தான் பலர் திரும்பும் விமானத்தைத் தவறவிடுகிறார்கள்.

விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை, அசல் வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஒத்திருக்கவேண்டும். ஆதாரை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் தனி அனுமதிச் சீட்டு உண்டு. டூர் நடத்துபவர் எடுத்துத் தருகிறாரா என்று கேளுங்கள். நூறு ரூபாய் இந்திய நோட்டு நேபாளத்தில் சுலபமாகச் செல்லும், பெரிய நோட்டுகளை நம்ப வேண்டாம். நம் 100 ரூபாய்க்கு நேபாள ரூபாய் 160. சில்லறைக் கடையில் ஒன்றுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் விழித்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியையும், மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு சேருமா என்பதையும் படியுங்கள். 3,000 மீட்டரோடு நின்றுவிடும் பாலிசி இந்தப் பயணத்துக்கு உதவாது.

வெளிநாடு போகும் முன் மைத்துனர் பெயரில் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் நிம்மதி என்கிறார்கள். கொடுக்கலாமா? (வேளச்சேரி)

எதற்கு என்பதைப் பொறுத்தது. மூன்று வாரம் தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் போய்வர ஒருவர் வேண்டும் என்றால், பொது அதிகாரப் பத்திரம் தேவையே இல்லை. இன்ன சர்வே எண் நிலத்தில், அளவையில் ஆஜராக, மனுக் கொடுக்க, நோட்டீஸ் வாங்க, வக்கீலை நியமிக்க என்று மட்டும் எழுதிய சிறப்பு அதிகாரப் பத்திரம் போதும். ‘விற்க, அடமானம் வைக்க, செட்டில்மென்ட் எழுத, சமரசம் செய்ய அதிகாரம் இல்லை’ என்ற வரியும் ஒரு முடிவுத் தேதியும் இருக்கட்டும். பத்திரம் எழுதுபவரிடம் எப்போதும் ஒரு அச்சு வாசகம் தயாராக இருக்கும். அதில் விற்பனை அதிகாரமும் சேர்ந்தே வரும். படித்துப் பார்த்து அடியுங்கள். மைத்துனர் நல்லவராகவே இருக்கட்டும், பத்திரம் அவர் கையைத் தாண்டியும் போகும்.

ஒரு எல்லை உண்டு. வழக்கில் உங்களுக்கு மட்டுமே நேரில் தெரிந்த விஷயங்களுக்கு பவர் வாங்கிய முகவர் சாட்சி சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் குறுக்கு விசாரணை வருகிற தேதிக்கு மைத்துனரை அனுப்பிப் பயனில்லை.

கொடுக்க மறந்து காத்மாண்டு போய்ச் சேர்ந்துவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அசலை அனுப்பவேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படம் எங்கும் செல்லாது.

கோர்ட் வாய்தா, யாத்திரைக்கு நடுவில் விழுகிறது. என்ன செய்வது? (அம்பத்தூர்)

டிக்கெட் நகலோடு வக்கீல் முன்கூட்டியே மனுப் போடட்டும். சாதாரண வாய்தாவுக்கு வக்கீல் ஆஜரானாலே போதும். ஒருவரும் போகாமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டால், அதை நீக்கக் கேட்க 30 நாள் அவகாசம். அதற்குள் ஊர் திரும்பிவிடுவீர்கள் அல்லவா, முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

வேலியைப் பிடுங்கினேன் என்று பங்காளி போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். என் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டிய நேரம். ஜெருசலேம் போகத் திட்டம். தடையாகுமா? (சாந்தோம்)

சிவில் வழக்கு எத்தனை இருந்தாலும் பாஸ்போர்ட்டுக்குத் தடையில்லை. கிரிமினல் வழக்குதான் கேள்வி. பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தின் முன் நடவடிக்கை நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்கிறது. புகாரைப் பெற்றதற்காக ஸ்டேஷனில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது அந்த நிலை அல்ல. வெறும் எஃப்.ஐ.ஆரும் பொதுவாக அதில் சேராது. குற்றப்பத்திரிகை தாக்கலாகிக் கோர்ட் அதைக் கோப்பில் எடுத்துக்கொண்டதும் சேர்ந்துவிடும். அப்போதும் வழி உண்டு: வழக்கு நடக்கும் கோர்ட்டில் வெளிநாடு செல்ல அனுமதி வாங்கி, 1993-ஆம் ஆண்டு வெளியான மத்திய அரசு அறிவிக்கையின்படி பாஸ்போர்ட் பெறலாம். எத்தனை வருஷத்துக்கு என்று கோர்ட் குறிப்பிடாவிட்டால் ஒரு வருஷத்துக்கு மட்டுமே தருவார்கள். எனவே மனுவிலேயே காலத்தையும் கேளுங்கள். விண்ணப்பத்தில் வழக்கு பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் அடிப்பதுதான் பெரிய தவறு. போலீஸ் சரிபார்ப்பில் வெளியே வரும், பிறகு மறைத்ததும் சேர்ந்துகொள்ளும். ஜாமீனில் இருப்பவர்கள் நிபந்தனையையும் பார்க்கவேண்டும். நேபாளத்துக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை என்பதால் ஜாமீன் நிபந்தனை தளர்ந்துவிடாது.

தாத்தா வாங்கிய நிலம். பத்திரம் எங்களிடம். பட்டாவோ பங்காளி பெயரில். ‘20 வருஷமாக நான்தான் உழுகிறேன், நிலம் எனக்கே’ என்கிறார். (மாதவரம்)

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) திட்டத்தில் பெயரும் பரப்பும் மாறிப் பதிவான நிலங்கள் ஏராளம். உங்களுடையது அப்படித்தானா என்று பார்க்க, திட்டத்துக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் (கிராமத்தின் நிலப் பதிவேடு) நகலும் இப்போதைய நகலும் இரண்டும் வேண்டும். தாலுகா ஆபீசில் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். தாத்தாவின் மூலப்பத்திரம், அன்றிலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, இரண்டு பதிவேடுகள் இவற்றோடு யு.டி.ஆர். பிழையைத் திருத்தக் கேட்டு மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனுக் கொடுங்கள். அது பிழை இல்லை, பிறகு தாசில்தார் மாற்றிய பட்டா என்றால் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம். எதிராளி உரிமையையே மறுத்தால் இவர்களில் யாரும் அதைத் தீர்க்க முடியாது, நிலம் இன்னாருடையது என்று அறிவிக்கும் விளம்புகைத் தீர்ப்பை சிவில் கோர்ட்டில் வாங்கி வந்தால் பட்டாவை அதன்படி மாற்றுவார்கள். பலர் பட்டா மனுவிலேயே வருஷங்களைக் கழித்துவிட்டுத்தான் கோர்ட் வாசலுக்கு வருகிறார்கள்.

20 வருஷக் கதையைப் பொறுத்தவரை: 12 வருஷ எதிரிடை அனுபோகம் என்பது உழுதுகொண்டிருப்பதால் மட்டும் வராது. உரிமையாளருக்குத் தெரியும்படி, அவர் உரிமையை மறுத்து, இடைவிடாமல் வைத்திருந்ததைப் பங்காளி நிரூபிக்கவேண்டும். பாகம் பிரிக்காத குடும்பச் சொத்தாக இருந்தால் ஒரு பங்காளியின் கையில் இருப்பது எல்லோருக்குமாக இருப்பதாகவே கருதப்படும். வாரமோ குத்தகையோ கொடுத்ததற்கு ஒரு பழைய சீட்டு, ஒரு கடிதம் கிடைத்தாலும் அவர் வாதம் ஆட்டம் காணும். அத்தைகளையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் பங்கு இருந்து வழக்கில் சேர்க்காவிட்டால், அதைக் காட்டியே வழக்கைத் தள்ளவைக்கப் பார்ப்பார்கள்.

மதுராந்தகம் அருகே மலிவாக ஒரு ஏக்கர் வருகிறது. பஞ்சமி நிலம் என்று ஊரில் பேச்சு. பத்திரம் 30 வருஷமாகக் கை மாறி வந்திருக்கிறது. வாங்கலாமா? (தாம்பரம்)

வேண்டாம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட நிலங்கள் இவை. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே பிரிவினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அதை மீறிய விற்பனை எத்தனை கை மாறினாலும் நேராகாது, அரசு மீட்டெடுக்கலாம். வில்லங்கச் சான்று இதைக் காட்டாது. பழைய ‘அ’ பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தில் ‘டி.சி.’ (தாழ்த்தப்பட்டோர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றோ நிபந்தனை ஒப்படை என்றோ எழுதியிருக்கும், அதைத்தான் பார்க்கவேண்டும். இதே மதுராந்தகம், செங்கல்பட்டு வட்டாரத்தில் எந்த நிலம் மலிவாக வந்தாலும் இந்தச் சோதனை முதலில். அந்த நிலத்துக்கு உரியவர்கள் இன்னும் அதே ஊர்க் காலனியில் இருப்பார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முக்திநாத் யாத்திரைக்கு அரசு மானியம் தருவதாகச் சொல்லி, அதைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கட்டினால் போதும் என்கிறார் டூர் நடத்துபவர். நம்பலாமா? (மேற்கு மாம்பலம்)

மானியம் உண்மை, கழிப்பது உண்மையில்லை. மானசரோவர், முக்திநாத் இரண்டுக்கும் இந்து சமய அறநிலையத் துறை மூலம் தமிழக அரசு கொடுக்கிறது. ஆனால் யாத்திரை முடித்துவந்த பிறகு, நீங்கள் விண்ணப்பித்து, உங்கள் வங்கிக் கணக்கில் வருவது. எத்தனை பேருக்கு என்ற வரம்பும் உண்டு. முன்பணத்தில் எப்படிக் கழிப்பார்? முழுத் தொகைக்கும் பணம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். போர்டிங் பாஸ், ஓட்டல் ரசீது, அனுமதிச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ரசீதில் டி.சி.எஸ். என்று ஒரு தொகை தனியாக இருந்தால் அது டூர் நடத்துபவரின் கட்டணம் அல்ல, உங்கள் பான் எண்ணில் வரவாகும் வருமான வரி. உங்கள் பெயரில் வரவான வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வரி கட்டவேண்டியதில்லை என்றாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள். பான் எண்ணைத் தப்பாகக் குறித்துக்கொண்டாரானால் அந்தப் பணம் வேறு யார் கணக்கிலாவது போய் உட்காரும், ஆகவே பணம் கட்டும் அன்றே ரசீதில் சரிபாருங்கள்.